வெளிர் பலகையில் ரேகை தெரிய என்ன பூசலாம்?

கேள்வி: ரப்பர் மரப் பலகைகளை ஒட்டி ஒரு படிப்பு மேசை செய்திருக்கிறேன். உப்புத்தாள் தேய்த்து முடித்தபின் மேற்பரப்பு வெளிறிப்போய், ரேகையே இல்லாதது போல் இருக்கிறது. மரத்தின் இயல்பான நிறத்தை அதிகம் மாற்றாமல் ரேகையை எடுப்பாகக் காட்ட எண்ணெய் நல்லதா, வார்னிஷ் நல்லதா?

பதில்: எதையும் வாங்குவதற்கு முன் மேசையின் அடிப்பக்கத்தை டர்பன்டைனில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். அந்த ஈரம் காய்வதற்குள் கண்ணில் படும் தோற்றம்தான், நிறமில்லாத பூச்சு ஒன்று உங்கள் மரத்தில் ஏறத்தாழக் கொண்டுவரக்கூடியது. அப்போதும் ரேகை மங்கலாகவே இருந்தால், தெளிவான பூச்சை எத்தனை முறை பூசினாலும் பயன் இருக்காது. மரத்தில் இல்லாத ரேகையை எந்த டப்பாவும் தராது.

உப்புத்தாள் பட்ட மரம் வெளிறித் தெரிவதற்குக் காரணம், அறுபட்ட நுண்துளைகளில் நிறைந்திருக்கும் காற்று ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதுதான். காற்றின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) ஏறத்தாழ 1. மர இழைக்கும் எண்ணெய்க்கும் அது 1.5-ஐ ஒட்டியே இருக்கிறது. ஆகவே காற்றிருந்த இடத்தில் எண்ணெய் புகுந்ததும் சிதறல் குறைந்து, ஒளி மரத்துக்குள் சற்று இறங்கித் திரும்புகிறது. நனைந்த துணி கருத்துத் தெரிவதும் இதே காரணத்தால்தான். எனவே முதல் பூச்சு மரத்துக்குள் நன்றாக ஊறுவதாக இருக்க வேண்டும். ஊறாமல் மேலே படலமாக நிற்கும் நீர் கலந்த பாலியூரித்தேன் என்ற வார்னிஷை நேரடியாகப் பூசினால், நிறம் மாறாது என்பது உண்மையே. ஆனால் பலகை உயிரற்றுத் தெரியும் என்பது என் அனுபவம்.

உங்கள் மேசைக்கு நான் தேர்ந்தெடுப்பது மெழுகு நீக்கிய அரக்குப் பாலிஷை ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்து ஒரு பூச்சு, அது காய்ந்தபின் மேலே பாலியூரித்தேன். அரக்கு விரைவில் காய்கிறது, ரேகையையும் துலக்குகிறது. ஆனால் சூடும் ஸ்பிரிட்டும் பட்டால் கெடும் என்பதால் மேசைப் பலகைக்கு அது மட்டும் போதாது. மெழுகு நீக்காத அரக்கின்மேல் பாலியூரித்தேன் சரியாகப் பிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். சற்றே பொன்னிறம் ஏறினால் பரவாயில்லை என்றால், ஆளிவிதை எண்ணெயின் ஆழம் இன்னும் அழகானது.

ரப்பர் மரத்தின் துளைகள் சிறு கோடுகளாகத் தெரியக்கூடியவை. அவற்றை மட்டும் அழுத்திக் காட்ட விரும்பினால், பொடி நிறமி கலந்த ஸ்டெயின் என்ற நிறப்பூச்சை மிக மெல்லியதாகத் தடவி உடனே துடைத்துவிடுங்கள். நிறமி துளைகளில் தங்கும், சமதளத்தில் சாயல் மட்டுமே எஞ்சும். சாயம் அப்படியல்ல, அது மரம் முழுவதையும் நனைத்துவிடும்.

உப்புத்தாளை 120, 180, 220 என்ற எண் வரிசையில் (எண் கூடக்கூடத் தாள் மென்மையாகும்), ரேகையின் போக்கிலேயே தேயுங்கள். குறுக்கே விழுந்த ஒரு கீறல் பூச்சுக்கு முன் தெரியாது; பூசிய மறுகணம் ரேகையைவிட அதுதான் முதலில் தெரியும்.

கேள்வி: அலமாரிக்குக் காய்ச்சாத ஆளிவிதை எண்ணெயை இரண்டு பூச்சு தாராளமாகப் பூசினேன். பத்து நாளாகியும் கையில் ஒட்டுகிறது. என்ன செய்வது?

பதில்: அந்த எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. தடித்த பூச்சில் மேல்பகுதி மட்டும் இறுகி, அடியில் பச்சையாகவே இருக்கும். டர்பன்டைன் தொட்ட துணியால் மேலே நிற்பதைத் துடைத்தெடுத்து, காற்றோட்டத்தில் சில வாரங்கள் விட்டுவிடுங்கள். அடுத்த முறை உலர்த்திகள் (விரைவில் இறுகச் செய்யும் பொருள்கள்) சேர்த்த எண்ணெயை வாங்கி, தடவிய சில நிமிடங்களில் மிகையானதைத் துடைத்துவிடுங்கள்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது வெளிப்படும் வெப்பம் சுருண்ட துணிக்குள் சேர்ந்து, நெருப்பில்லாமலேயே தீப்பிடிக்கும். அதை வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.