பழைய எம்ஜிபி காரில் டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) வைத்தாலும் கொஞ்ச நாளில் மாறிவிடுகிறதே, ஏன்?

பாயிண்ட் (திறக்கும்போது ஸ்பார்க்கைக் கிளப்பும் சின்ன சுவிட்ச்) இடைவெளியைப் பார்க்காமல், அது இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை (ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் பாகம்) மட்டும் திருப்பியிருப்பீர்கள். பழைய லூகாஸ் கம்பெனி பாயிண்டுக்கு 0.35 முதல் 0.40 மி.மீ. இடைவெளி வேண்டும். கேம் (பாயிண்டைத் தள்ளித் திறக்கும், சுற்றும் மேடுள்ள பாகம்) மீது உரசும் அந்தச் சின்னக் குதிகால் தேயத் தேய இடைவெளி சுருங்கும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், ஸ்பார்க்கும் பிந்தும். அதனால் முதலில் இடைவெளி, டைமிங் அப்புறம்தான். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் லேசான பிடிப்போடு நழுவ வேண்டும். பாயிண்ட் முகத்தில் ஒரு பக்கம் குழி, மறுபக்கம் மேடு என்றிருந்தால் கேஜ் காட்டும் அளவை நம்பாதீர்கள், புதிது போடுங்கள்.

சரி, இனி டைமிங் லைட் (ஸ்பார்க் விழும்போதெல்லாம் மின்னி டைமிங்கைக் காட்டும் விளக்கு). டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை, அதன் உள்ளே உள்ள ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் ஸ்பார்க் முந்தும். ஏற்றத்தில் மிதிக்கும்போது உலோகம் தட்டுவது போலச் சத்தம் கேட்டால் டைமிங்கை ஓரிரு டிகிரி பின்னால் வையுங்கள். அப்படியே விட்டால் பிஸ்டன் போய்விடும்.