பவுலின் நிருபங்களை எப்படிப் படிப்பது?

மதிப்பிற்குரிய ஐயா,

நற்செய்திகளை விரும்பிப் படித்துவருகிறேன். ஆனால் பவுலின் நிருபங்களுக்குள் நுழைந்ததும் மூச்சு முட்டுகிறது. கலிலேயாவின் எளிய போதகரைக் கோட்பாடுகளும் சபை ஒழுங்குகளும் கொண்ட மதமாக மாற்றியவர் பவுல்தான் என்கிறார்கள். இயேசுவோடு வாழ்ந்திராத ஒருவருக்கு ஏன் இத்தனை பெரிய இடம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஓர் ஊரில் சச்சரவு எழும்போது, தொலைவில் இருப்பவர் சொல்லச்சொல்ல இன்னொருவர் எழுதிய கடிதங்கள் இவை. ரோமர் நிருபத்தின் முடிவில், எழுதிய தெர்தியு தன் வாழ்த்தையும் சேர்த்திருக்கிறான். கொரிந்து சபையார் ‘நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்’ என்று (அப்பொல்லோ அங்கே போதித்த இன்னொருவர்) கட்சி பிரிந்து நின்றபோது, கிறிஸ்புவுக்கும் காயுவுக்கும் தவிர உங்களில் எவருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்காததற்காகக் கடவுளுக்கு நன்றி என்று பவுல் சீறுகிறார். உடனே ஸ்தேவானின் வீட்டாருக்குக் கொடுத்தது நினைவுக்கு வருகிறது. வேறு எவருக்கும் கொடுத்தேனா என்று தெரியவில்லை என்கிறார். வேதமாக ஓதப்படும் பக்கத்தில் அந்தத் தடுமாற்றம் அப்படியே நிற்கிறது.

அவர் பெயரில் உள்ள 13 நிருபங்களில் 7 மட்டுமே ஆய்வாளர்கள் ஐயமின்றி ஏற்பவை. சபைத் தலைமையையும் ஒழுங்கையும் விரிவாகப் பேசும் தீமோத்தேயு, தீத்து நிருபங்கள் அவற்றில் சேரவில்லை. நீங்கள் உணரும் நிறுவன வாடையில் பெரும்பகுதி அங்கிருந்து வருவது என்பேன்.

மதத்தை உருவாக்கியவர் என்ற கூற்றை அவருடைய எழுத்தே மறுக்கிறது. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம் ஏறத்தாழ கி.பி. 50ஐச் சேர்ந்தது, நற்செய்திகளில் மூத்ததான மாற்கு 70ஐ ஒட்டி எழுதப்பட்டது என்பதே பரவலான கருத்து. ஆகவே நம் கையில் உள்ள மிகப் பழைய கிறிஸ்தவ எழுத்து பவுலுடையதே. ஆனால் கிறிஸ்து மரித்ததையும் எழுந்ததையும் சொல்லும் இடத்தில், தான் பெற்றுக்கொண்டதையே ஒப்படைத்ததாக அவர் எழுதுகிறார். விசுவாசியாகும் முன் அவர் துன்புறுத்திய சபைகள் அவருக்கு முன்பே இருந்தவை. ரோமில் ஏற்கெனவே இருந்த விசுவாசிகளுக்கு எழுதும்போது அந்நகரை அவர் பார்த்திருக்கவும் இல்லை.

அவர் புதிதாகச் செய்தது வேறொன்று. விருத்தசேதனம் (முன்தோலை நீக்கும் யூதச் சடங்கு) செய்துகொள்ளாத, யூதர் அல்லாத விசுவாசிகள் சரிசமமானவர்கள் என்பதில் அவர் இம்மியளவும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தியோகியாவில் அவர்களோடு உண்டுவந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். மூத்த அப்போஸ்தலர் என்றும் பாராமல், எல்லார் முன்பாகவும் பவுல் அவரை முகத்துக்கு நேரே கண்டித்ததைக் கலாத்தியர் நிருபத்தில் காணலாம். (பந்தியில் யாரோடு யார் உட்காரலாம் என்ற கேள்வியின் கனத்தை நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.) பிற்காலத்தில் இறையியலாளர்களான அகஸ்டினும் லூதரும் இந்த எழுத்தில் தனி ஆன்மாவின் குற்ற உணர்வுக்கு விடை தேடினார்கள். ஐரோப்பாவின் சமய வரலாறே அந்த வாசிப்பால் திசைமாறியது என்றாலும், கலாத்தியரில் விவாதத்தைத் தொடங்கிவைத்தது அந்தப் பந்திதான் என்பதை மறந்துவிடக்கூடாது.

பிலேமோனிலிருந்து தொடங்குங்கள்; மொத்தம் 25 வசனங்களே. ஒநேசிமு என்ற அடிமையை அவனுடைய எஜமானிடமே திருப்பி அனுப்பும் பவுல், அவன் ஏதேனும் கடன்பட்டிருந்தால் என் கணக்கில் வைத்துக்கொள், நானே தீர்ப்பேன் என்று தம் கைப்பட எழுதுகிறார். நீ உன்னையே எனக்குக் கடன்பட்டிருப்பதைச் சொல்லவேண்டியதில்லை என்று ஒரு குத்தலும் உண்டு. அடிமைக்கு மேலானவனாக, அன்புச் சகோதரனாக ஏற்றுக்கொள் என்பவர், விடுதலை செய் என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்தல்தான். பிறகு கலாத்தியருக்கும் கொரிந்தியருக்கும் செல்லுங்கள். ரோமர் கடைசியில் இருக்கட்டும்.