வெறும் புல்லா அது?

கேள்வி: அமெரிக்காவுல பழைய போர்க்களங்களைக் காப்பாத்த அரசாங்கம் கோடி கோடியா கொட்டுதே, அங்க வெறும் புல்லுதானே இருக்கு? ஒரு நினைவுத்தூண் வெச்சா போதாதா?

பதில்: புல்லுன்னு சொல்லிட்டீங்க, அதுலயே ஆரம்பிக்கிறேன். மொன்டானாவுல லிட்டில் பிக்ஹார்ன், 1876ல அமெரிக்க ராணுவத் தளபதி கஸ்டரோட ஆளுங்கள லகோட்டா, செயென் பழங்குடி வீரர்கள் சாய்ச்ச இடம். 1983ல தீப்பிடிச்சு அந்தப் புல்லெல்லாம் எரிஞ்சுபோச்சு. அடுத்த வருஷமே தொல்லியல்காரங்க மெட்டல் டிடெக்டரோட இறங்கி, ஒவ்வொரு தோட்டாக்கூடும் எந்த இடத்துல கிடந்துச்சுன்னு குறிச்சாங்க. சுடும்போது துப்பாக்கியோட ஊசி தோட்டாக்கூட்டுல குத்துற தடம் துப்பாக்கிக்கு துப்பாக்கி வித்தியாசப்படும், அத வெச்சு ஒரே துப்பாக்கி எங்கேருந்து எங்க நகர்ந்துச்சுன்னு நூறு வருஷம் கழிச்சு கண்டுபிடிச்சாங்க! அந்தப் பழங்குடி வீரர்கள் அப்பவே சொல்லி யாரும் காதுல போட்டுக்காத பல விஷயத்துக்கு மண்ணே சாட்சி சொல்லுச்சு. எந்தத் தூணு இதச் சொல்லும்?

தூணு, சிலைன்னா எனக்கு எப்பவுமே கோவம் வரும். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த கெட்டிஸ்பர்க் களத்துல அதுங்க 1300க்கு மேல நிக்குது. ஆனா 1893ல ட்ராம் கம்பெனி பாறைய வெடிவெச்சு அந்தக் களத்துக்குள்ளயே தண்டவாளம் போட்டப்ப தடுத்தது தூணு இல்ல, அரசாங்கம். நிலத்த எடுக்கப் போனாங்க, கம்பெனி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 1896ல நீதிபதிங்க ஒருமனதா போர்க்களத்தக் காப்பாத்துறதும் பொது உபயோகம்தான்னு தீர்ப்பு குடுத்தாங்க.

செலவு ஏன் ஏறுதுன்னா லேட்டா முழிச்சுக்கறதாலதான். வர்ஜீனியாவுல அதே போரோட மனாசஸ் களத்த ஒட்டி ஷாப்பிங் மால் கட்ட புல்டோசர் இறங்கினப்புறம், 1988ல சட்டம் போட்டு 500 ஏக்கருக்கு மேல எடுத்தாங்க, நஷ்டஈடு கடைசில 13 கோடி டாலரத் தாண்டிருச்சு. இப்ப இருக்கற திட்டம் உருப்படியானது: விக்க மனசிருக்கறவங்ககிட்ட மட்டும் வாங்கணும், விலைல பாதி வரைக்கும் மத்திய அரசு குடுக்கும், மீதிய மாநிலமோ அறக்கட்டளையோ பொரட்டணும். இத ஆரம்பிச்சதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே செஞ்சிருக்கணும், 1993ல ஒரு கமிஷன் கணக்கெடுத்தப்பவே உள்நாட்டுப் போரோட முக்கியமான 384 களத்துல ஐஞ்சுல ஒண்ணு போயே போச்சு.

அப்புறம் ராத்திரில டிடெக்டரத் தூக்கிட்டு பூங்காவுக்குள்ள புகுந்து தோண்டுற திருடனுங்க. எங்க கிடந்துச்சுன்னு தெரியாத தோட்டா வெறும் ஈயம், அதுக்கப்புறம் எந்த ஆராய்ச்சியாளராலயும் அதப் பேசவைக்க முடியாது. சட்டத்துல ஜெயில் இருக்கு, அபராதத்தோட விடாம உள்ள தள்ளணும்.