அந்த அம்மாளின் பெயர் என்ன?

அன்புள்ள சார்,

நான் புகைப்படக்காரன். சாயக்கழிவு கலந்து நுரைத்துக் கிடக்கும் ஒரு ஏரியைப் பற்றி இருபது படங்கள் கொண்ட தொடர் செய்திருக்கிறேன். சுற்றுச்சூழல் சார்ந்த ஒரு பரிசுப் போட்டிக்கு அனுப்ப ஆசை. நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். பரிசு கொடுப்பது வங்கி, அது யார் பணமோ என்கிறார்கள். படம் பார்த்து எந்த ஏரி சுத்தமானது என்றும் கேட்கிறார்கள். அனுப்பலாமா? படங்களோடு கூடவே கேட்கும் கலைஞர் குறிப்பை (படைப்பைப் பற்றி அதைச் செய்தவரே எழுதும் விளக்கம்) எப்படி எழுதுவது? மூன்று படங்களை இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

படங்களைப் பார்த்தேன். மூன்றாவது நிஜமாகவே நன்றாக இருக்கிறது. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வலையை உதறுகிறாரே ஒரு அம்மாள், வலைக்கண்ணில் மீனுக்குப் பதில் நுரை தொங்குகிறது. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற இரண்டும் அழகு. அவற்றின் கோளாறும் அதுதான், இன்னொரு நாள் பேசலாம்.

பணம் யாருடையது என்பது கேட்கக்கூடாத கேள்வி அல்ல. லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் பிபி எண்ணெய் நிறுவனத்தின் புரவலுக்கு எதிராகக் கலைஞர்களே பல ஆண்டுகள் போராடினார்கள், 2017இல் அது முடிவுக்கு வந்தது. உங்கள் நண்பர்கள் அந்த ரகமாகத் தெரியவில்லை. எந்த ஏரி சுத்தமானது என்ற கேள்விக்கு நான் பதில் சொல்வதாகவே இல்லை.

என்னை உறுத்தியது வேறு. உங்கள் முழுக் கடிதத்தில் (இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன்) பரிசைப் பற்றி இரண்டு பத்தி இருக்கிறது. ஏரிக்கரை மனிதர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்த அம்மாளின் பெயர் என்ன?

ஒருமுறை இப்படியொரு போட்டிக்கு நடுவராக உட்கார்ந்தேன். வெடித்த ஏரிப்படுகை, அதில் நெற்றியில் கைவைத்து வானம் பார்க்கும் கிழவர். வேறு வேறு ஆட்கள் எடுத்த அதே படம் வந்துகொண்டே இருந்தது. இறுதிச் சுற்றுக்கு வந்த ஒரு பையனிடம், அந்தப் பெரியவர் யார், இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டேன். "தெரியாது சார், கையை நெற்றியில் வைக்கச் சொன்னேன், வைத்தார்" என்றான். அப்பாவியாகத்தான் சொன்னான். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஜெர்மனியின் காசல் நகரில் 1982இல் நடந்த டாக்குமென்டா கலைக் கண்காட்சிக்கு ஜெர்மன் கலைஞர் ஜோசஃப் பாய்ஸ் என்ன கொண்டுவந்தார் தெரியுமா? பசால்ட் என்ற எரிமலைப் பாறையில் 7,000 கற்கள். கண்காட்சிக் கட்டடத்தின் எதிரிலேயே குவித்துவிட்டார். நகரில் எங்காவது ஒரு மரம் நட்டால்தான் குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்து அதன் பக்கத்தில் ஊன்றலாம். குவியல் குறைந்தால் வேலை நடக்கிறது, அப்படியே கிடந்தால் ஊர் தூங்குகிறது. யாரும் அறிக்கை விட வேண்டியதில்லை, கணக்கு வாசலிலேயே கிடக்கிறது. கண்காட்சி 100 நாள்தான், கல் தீர ஐந்து வருடம் ஆயிற்று. நடுவில், 1986இல், பாய்ஸே செத்துப்போனார். கடைசி மரத்தை 1987இல் அவர் மகன் நட்டார். இந்த வேலைக்குப் பணம் புரட்ட ஜப்பானிய விஸ்கி விளம்பரத்தில்கூட பாய்ஸ் தலைகாட்டினார், அதையும் நண்பர்களிடம் சொல்லிவையுங்கள்.

சரி, வங்கிப் பரிசுக்கே வருவோம். ஜெனீவாவின் பிக்டே வங்கி கொடுக்கும் புகைப்படப் பரிசு, ஒரு லட்சம் சுவிஸ் ஃப்ராங்க். 2023இல் வாங்கியவர் இந்தியப் புகைப்படக்காரர் கௌரி கில். பரிசு வாங்கித் தந்த தொடரை ராஜஸ்தான் பாலைவனக் கிராமங்களில் அவர் ஆரம்பித்தது 1999இல். அதே மனிதர்களிடம் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார், பரிசு அப்புறம் வந்தது. நீங்கள் எத்தனை தடவை போனீர்கள்? மூன்று படத்திலும் ஒரே மேகம் ஒரே இடத்தில் நிற்கிறது. ஒரே காலையில் எடுத்துவிட்டு வந்து அதைத் தொடர் என்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், மூன்றாவது படத்தை எடுத்தவரிடம்தான் இவ்வளவு சொல்லத் தோன்றுகிறது, இல்லாவிட்டால் 'வாழ்த்துகள்' என்று ஒரு வரி போட்டிருப்பேன்.

அனுப்பலாமா என்றுதானே கேட்டீர்கள். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன்னால் ஒரு பிரதி எடுத்துப் போய் அந்த அம்மாளிடம் கொடுங்கள். நுரை எந்த மாதத்தில் எந்தக் கரையில் ஒதுங்குகிறது, எந்த மீன் வலைக்கு வருவதை நிறுத்திவிட்டது என்று கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். கலைஞர் குறிப்பு அதுவே போதும். அதற்குள் கடைசித் தேதி தாண்டிவிட்டால் தாண்டட்டும், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.