எம்.எஸ்சி. நர்சிங் படிக்கும் மகள் செப்சிஸ் ஆய்வில் சேரலாமா?

வணக்கம் அம்மா. வார்டு நோயாளிகளிடம் செப்சிஸை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் ஆய்வுக்கு உங்கள் மகளைக் கூப்பிடுகிறார்கள். ஆராய்ச்சியெல்லாம் டாக்டர்கள் வேலைதானே, இவள் எதற்கு மெனக்கெட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிருமித் தொற்றை எதிர்க்கப் போய் உடம்பு தன் உறுப்புகளையே பாழாக்கிக்கொள்வதுதான் செப்சிஸ். 2017-இல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி பேர் இதனால் இறந்ததாக மதிப்பீடு. ரத்த அழுத்தம் சரிந்து நோயாளி ஷாக் நிலைக்குப் போய்விட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். ஆனால் யாராவது சந்தேகப்பட்டால்தான் அந்தக் கடிகாரமே ஓடத் தொடங்கும். இரவு இரண்டு மணிக்கு அந்த 'யாராவது' பெரும்பாலும் நர்ஸ்தான்.

நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று கண்டுபிடிக்க பிரிட்டனில் 'நியூஸ் 2' என்று ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. மூச்சு, நாடி, பிரஷர், காய்ச்சல், ஆக்சிஜன், நினைவு என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு; எல்லாமே நர்ஸ் சார்ட்டில் எழுதுபவை. மொத்தம் 5 வந்தால் டாக்டரை உடனே கூப்பிட வேண்டும். இதில் மூச்சுதான் சிக்கல். ஒரு நிமிடம் நின்று எண்ணாமல், 18, 20 என்று குத்துமதிப்பாக எழுதிவிட்டுப் போவது எங்கும் உண்டு. 12 முதல் 20 வரை மதிப்பெண் பூஜ்யம்; 25-ஐ எட்டினாலே 3. நிஜத்தில் 26 இருக்கும் நோயாளிக்கு 20 என்று எழுதினால், எச்சரிக்கை மணி அடிக்காமலே போகலாம். கம்ப்யூட்டர் வைத்துக் கண்டுபிடித்தாலும் இதே கதைதான். அதுவும் இந்தச் சார்ட்டைத்தான் படிக்கிறது. வார்டில் ஏன் எண்ணாமல் விடுகிறார்கள், எப்படி எண்ண வைப்பது என்பதை டாக்டரைவிட உங்கள் மகள்தான் நன்றாக ஆராய முடியும்.

எப்படியும் எம்.எஸ்சி.க்கு ஓர் ஆய்வேடு கொடுத்தே ஆக வேண்டும். அதனால் கைடிடம் அவள் கேட்க வேண்டியது: இந்த ஆய்வின் ஒரு பகுதியைத் தன் ஆய்வேடாக வைத்துக்கொள்ளலாமா? நெறிமுறைக் குழு அனுமதி வந்துவிட்டதா? கட்டுரை வெளியானால் தன் பெயர் வருமா? ஃபார்ம் நிரப்ப ஆள் இல்லாமல் மாணவிகளைப் பிடித்துப்போடுவதும் நடக்கிறது, மறைப்பானேன். நைட் டியூட்டி முடித்துவிட்டு அதற்கும் உட்கார வேண்டும் என்றால், வேண்டாம்.

சரி, வேலை? மருத்துவமனைகளில் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ், தரப் பிரிவு, மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பாளர் போன்ற வேலைகளுக்கு இந்த அனுபவம் நேராகக் கைகொடுக்கும். பிஎச்.டி. போனாலும் அப்படியே.

அப்புறம், செப்சிஸ் ஒட்டிக்கொள்ளுமா என்று பயந்திருந்தீர்கள். செப்சிஸ் ஒட்டாது, அதற்குக் காரணமான கிருமி சில சமயம் ஒட்டலாம். கை கழுவுவதை அவளுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.