மார்த்தாண்டம் தேன் தொப்பையைக் கரைக்குமா?

*தினமும் காலையில் வெந்நீரில் மார்த்தாண்டம் தேன் கலந்து குடிக்கிறேன். தொப்பை கரையுமா? (அருமனை வாசகி)*

கரையாது. அருமையான தேன்தான், ஆனால் ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 60 கலோரி இருக்கிறது. மார்கழியில் உறைந்த தேங்காய் எண்ணெய்க் குப்பியை வெயிலில் வைத்தால் உருகுமே, தொப்பையையும் அப்படி நினைத்துவிடுகிறோம். உடல் சூட்டில் நம் கொழுப்பு ஏற்கெனவே எண்ணெயாகத்தான் கிடக்கிறது, ஒவ்வொரு கொழுப்புச் செல்லையும் அடைத்துக்கொண்டு ஒரே பெரிய சொட்டாக. நொதிகள் அதைக் கொழுப்பு அமிலமாகவும் கிளிசராலாகவும் உடைத்து ரத்தத்தில் விட வேண்டும். அப்புறம் தசையோ இதயமோ எரிக்க வேண்டும். எரிக்க ஆளில்லை என்றால், போனதில் பெரும்பகுதி மறுபடி கொழுப்பாகவே சேரும்.

*ராத்திரி மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிடுவதுதான் காரணமா? (குளச்சல் வாசகர்)*

கிழங்கை மட்டும் திட்டாதீர்கள். மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் ஏறும். கொழுப்பை வெளியே விடாமல் செல்லின் கதவைச் சாத்தும். உடல் கிழங்கின் சர்க்கரையை எரித்துக்கொண்டிருக்க, குழம்பில் அரைத்துவிட்ட தேங்காயின் கொழுப்பு சேமிப்புக்குப் போகும். இரண்டாவது தடவை போட்டுக்கொள்ளும் கிழங்குதான் என் கவலை.

*எடை 95 கிலோ. குறைத்தாலும் திரும்ப ஏறுகிறதே? (தக்கலை வாசகர்)*

உங்கள் மேல் தப்பில்லை. உடல் பருமனில் கொழுப்புச் செல் அட்ரினலினின் 'வெளியே விடு' என்ற உத்தரவுக்கு மந்தமாகத்தான் அசைகிறது. சேர்வது கூடுதல், கழிவது குறைவு. எடை குறைந்தாலும் செல்களின் எண்ணிக்கை குறைவதில்லை, அவை சுருங்குகின்றன, அவ்வளவுதான். ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் செல்கள் செத்து, அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. 2008இல் சுவீடன் ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்த விதம் விசித்திரம்: பழைய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் செல்லின் டிஎன்ஏவில் பதிந்திருந்தது, அதை வைத்து வயதைக் கணக்கிட்டார்கள். 'கொழுப்புச் சேமிப்பு இருக்கிறது' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுருங்கிய செல் குறைவாகச் சுரக்கும். மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டும். அதனால் மெதுவாகக் குறையுங்கள், குறைந்த பிறகும் நடையை விடாதீர்கள்.

*வியர்க்க வியர்க்க நடந்தால் கொழுப்பு வியர்வையில் போகுமா? (குலசேகரம் வாசகர்)*

வியர்வை வெறும் உப்புத் தண்ணீர். 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீர். அதற்காக உட்கார்ந்த இடத்தில் வேகமாக மூச்சு விட்டால் தலைதான் சுற்றும்.