திருவிதாங்கூரை எந்தக் கட்டத்தில் போடுவது?
தம்பி, மன்னர் மார்த்தாண்ட வர்மா 1750-இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்ததால், உங்கள் ஆட்சி வகை அட்டவணையில் திருவிதாங்கூரை 'இறையாட்சி'க் கட்டத்தில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். தலைநகர் அப்போது நம்ம பத்மநாபபுரம்; ஆண்டது பூசாரிகள் இல்லை. தன்னை எதிர்த்த எட்டுவீட்டில் பிள்ளைமார் என்ற பிரபுக் குடும்பத்தாரை முன்பே ஒடுக்கி, வரியையும் படையையும் கைக்குள் கொண்டுவந்த அரசர்தான். 'பத்மநாபதாசன்' பட்டம் அந்த அதிகாரத்துக்கு ஒரு காவல். அட்டவணையில் இரண்டு நெடுவரிசை போடுங்கள்: யார் பெயரால் ஆட்சி, யார் கையில் வரி.

உத்திரமேரூர்க் குடவோலைத் தேர்தலும் அப்படித்தான், பெயரை வைத்து முடிவு செய்யக் கூடாது. நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்க்கு மட்டுமான பிராமண ஊர்ச் சபை அது. 'மக்களாட்சி' என்று எழுதினால் மேடையில் கைதட்டு விழும், அவ்வளவுதான்.

நாஞ்சில் நாட்டு நாட்டார் (ஊர்ப் பெரியவர்கள்) கூட்டங்களை விட்டுவிடாதீர்கள். அரசு வரிக்கே எதிராகக் கூடியவர்கள். அவர்களுக்குத் தனிக் கட்டம் வேண்டும்.